நகர மருத்துவர் பாட்ரிக் கெடிஸ்

முன்னுரை

ஊர் என்பது வீடுகளின் கூட்டம் மட்டும் அன்று. மக்கள் பிறந்து, வளர்ந்து, உழைத்து, விழாக் கொண்டாடி வாழும் நிலைக்களம் அது. மரம் மண்ணில் வேரூன்றி வளர்வது போல, ஊரும் தான் அமைந்த நிலத்தில் வேரூன்றி வளர்கின்றது. உலகத்துப் பெருநகரங்களுள் பல ஆற்றங்கரைகளிலேயே தோன்றின. ஆனால் ஆற்று நீரைப் பருகி வளர்ந்த நகரங்களே, வளர்ந்தபின் அவ்வாற்றை மறந்தன. கழிவுநீரை அதில் விட்டன. கரைகளில் குப்பையைக் குவித்தன. நகரின் நடுவிடமும் நாளடைவில் நலிவுற்றது. செல்வர் நெருக்கடியை வெறுத்துப் புறநகரங்களில் குடிபுகுந்தனர். காற்றும் ஒளியும் புகாத பழைய வீடுகளில் ஏழையர் ஒண்டிக்கொண்டனர்.

இந்நோய்க்கு மருந்து யாது? பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆட்சியாளரும் பொறிவல்லாரும் கண்ட மருந்து எளியது. பழைய பகுதிகளை அடியோடு இடித்துத் தள்ளி, நேரான அகன்ற தெருக்களை அமைப்பதே அது. பாரிசு நகரில் ஊஸ்மான் என்பார் 1853 முதல் 1870 வரை இவ்வழியே சென்றார். பல நாட்டு நகரங்களும் அவரைப் பின்பற்றின. தெருக்கள் அழகு பெற்றன. ஆனால் இடிக்கப்பட்ட வீடுகளில் வாழ்ந்தவர் எங்கே சென்றனர் என்று கேட்டவர் சிலரே. அவர்கள் மற்றொரு மூலையில் மேலும் நெருக்கமாக ஒண்டினர். நோய் இடம் மாறியதே அன்றித் தீரவில்லை.

நகரத்தை ஓர் உயிராகக் கருதி, அதன் நாடியைப் பிடித்துப் பார்த்து, வெட்ட வேண்டிய இடத்தில் மட்டும் வெட்டி, எஞ்சியதைப் பேணிக் காக்க வேண்டும் என்று வேறொரு மருந்தைக் கூறினார் ஓர் அறிஞர். அவரே பாட்ரிக் கெடிஸ். ஸ்காத்லாந்தில் பிறந்த அவர், நம் தஞ்சையிலும் மதுரையிலும் தெருத்தெருவாக நடந்து திரிந்தவர் என்பது நாம் அறிந்து மகிழத்தக்க செய்தியாகும்.

பிறப்பும் இளமையும்

கெடிஸ் 1854 ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 2 ஆம் நாள், ஸ்காத்லாந்தில் பாலட்டர் என்னும் சிற்றூரில் பிறந்தார். காந்தியடிகள் பிறந்த நாளும் அதுவே, ஆண்டுதான் வேறு. தந்தையார் படைவீரர். கெடிஸ் சிறு குழந்தையாக இருந்தபோதே குடும்பம் பெர்த் நகரையடுத்த கின்னூல் குன்றின் சரிவில் குடியேறியது. வீட்டைச் சுற்றித் தோட்டம் இருந்தது. தந்தையார் மகனைக் கைப்பிடித்து அழைத்துச் சென்று, விதை ஊன்றவும் களை எடுக்கவும் கற்பித்தார். அத்தோட்டமே கெடிஸின் முதற் பள்ளி எனலாம்.

குன்றின்மேல் ஏறி நின்றால் டே என்னும் ஆறு வளைந்து செல்வது தெரியும். மேலே காடு, அதன் கீழே ஆடு மேயும் புல்வெளி, அதற்கும் கீழே வயல்கள், ஆற்றங்கரையில் நகரம், தொலைவில் ஆறு கடலை நோக்கிச் செல்லும் காட்சி. இக்காட்சி அச்சிறுவனின் உள்ளத்தில் ஆழப் பதிந்தது. பிற்காலத்தில் அவர் வகுத்த பள்ளத்தாக்குக் கொள்கைக்கு இதுவே வித்து. மலையிலிருந்து கடல்வரை ஓர் ஆறு ஓடும் நிலத்தை நெடுக அறுத்துப் பார்த்தால், அங்கங்கே வாழும் மக்களின் தொழிலும் குடியிருப்பும் பண்பாடும் நிலத்துக்கேற்ப அமைந்திருப்பதைக் காணலாம் என்பது அக்கொள்கை. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் என நிலத்தைப் பகுத்து, அவ்வந்நிலத்து மக்களின் வாழ்வைப் பாடிய தமிழர்க்கு இக்கருத்து விளங்குதற்கு அரியதன்று.

கல்வி

பள்ளிப் படிப்பு முடிந்ததும், தந்தையாரின் விருப்பத்துக்கு இணங்கி ஒன்றரை ஆண்டுக் காலம் வங்கி ஒன்றில் பணியாற்றினார். ஆயினும் கணக்கேட்டில் அவர் மனம் ஒன்றவில்லை. தாவர நூல் கற்க விழைந்து எடின்பரோப் பல்கலைக்கழகம் சென்றார். கற்பிக்கும் முறை பிடிக்காமையால் ஒரு வாரத்திலேயே வெளியேறினார். பின்னர் 1874 இல் இலண்டன் சென்று, ஹக்ஸ்லி என்னும் பேரறிஞரிடம் உயிர்நூல் பயின்றார். ஒரு நாள் அவ்வாய்வுக்கூடத்துக்கு டார்வின் வந்தார். முதுபெரும் அறிஞராகிய அவர், நுண்ணோக்கியில் சிற்றுயிர்கள் அசைவதைக் கண்டு சிறு பிள்ளையைப் போல் மகிழ்ந்தாராம். அக்காட்சியைக் கெடிஸ் வாழ்நாள் முழுதும் மறக்கவில்லை.

பிறகு பிரான்சு நாட்டில் கற்றபோது, லெ பிளே என்னும் சமூகவியல் அறிஞரின் கருத்துகள் அவரைக் கவர்ந்தன. ஒரு மக்கட் கூட்டத்தை அறிய வேண்டுமாயின், அவர்கள் வாழும் இடத்தையும், செய்யும் தொழிலையும், குடும்ப வாழ்வையும் ஒருசேர ஆராய வேண்டும் என்பது அவர் கருத்து. இடம், தொழில், மக்கள் என்னும் இம்மூன்றுமே கெடிஸின் சிந்தனைக்கு முக்கால் மணையாயின.

கண்ணொளி மங்கியது

1879 இல் உயிரினப் படிவங்களைத் திரட்டுவதற்காக மெக்சிகோ நாடு சென்றார். அங்கே கண்பார்வை திடீரென மங்கியது. இருட்டறை ஒன்றில் பல வாரங்கள் அடைபட்டுக் கிடந்தார். காண்பதையே தொழிலாகக் கொண்ட இளைஞருக்கு இதைவிடக் கொடிய துன்பம் வேறு இல்லை. ஆயினும் அவர் சோர்ந்துவிடவில்லை. பலகணியைத் தடவிப் பார்த்தபோது, சட்டங்களுக்கு இடையே கட்டங்கட்டமாக அமைந்த கண்ணாடிகள் கைக்குத் தட்டுப்பட்டன. ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு கருத்தைப் பெயராக இட்டு, ஒன்றோடொன்று தொடர்புபடுத்திச் சிந்திக்கலானார். பிற்காலத்தில் தம் எண்ணங்களைக் கட்டங்களாக வரைந்து விளக்கும் அவர்தம் முறை இவ்வாறு இருளிலே பிறந்தது.

பார்வை திரும்பியது, ஆனால் நெடுநேரம் நுண்ணோக்கியில் கண்பதிக்கும் வலிமை திரும்பவில்லை. சிற்றுயிர்களை ஆராய வந்தவர், நகரம் என்னும் பேருயிரை ஆராயத் திரும்பினார்.

பழைய எடின்பரோவில் குடியேற்றம்

எடின்பரோ நகரம் குன்றின் முதுகில் அமைந்தது. கோட்டையிலிருந்து இறங்கும் பெருந்தெருவின் இருமருங்கிலும் பல மாடிக் கட்டடங்கள் நெருங்கி நின்றன. அவற்றுக்கிடையே ஒளி புகாத சந்துகள் இருந்தன. முற்காலத்தில் செல்வரும் வறியரும் அங்கே ஒரே கட்டடத்தின் வெவ்வேறு மாடிகளில் வாழ்ந்தனர். ஹியூம் போன்ற மெய்ப்பொருள் அறிஞரும் அங்கே குடியிருந்ததுண்டு. பின்னர் வடபால் புதிய நகரம் அமைந்தபோது செல்வரும் கற்றோரும் அங்கே சென்றுவிட்டனர். பழைய நகரில் எஞ்சியவை வறுமையும் அழுக்கும் நோயுமே.

எடின்பரோவில் விரிவுரையாளராக விளங்கிய கெடிஸ், 1886 இல் அன்னா மார்ட்டன் என்னும் நங்கையை மணந்தார். அவர் லிவர்ப்பூல் வணிகர் ஒருவரின் மகளார், இசை வல்லவர். மணம் முடிந்தபின் இருவரும் செய்த செயல் உற்றாரைத் திடுக்கிடச் செய்தது. புதிய நகரில் வசதியான வீட்டை விடுத்து, பழைய நகரில் ஜேம்ஸ் கோர்ட் என்னும் நெருக்கமான முற்றத்தில், ஏழையரின் நடுவே குடியேறினர். சேற்றில் இறங்காமல் சேற்றை அகற்ற இயலாது என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

கெடிஸ் அங்கே அறிவுரை கூறத் தொடங்கவில்லை. துடைப்பத்தையும் சுண்ணாம்புத் தூரிகையையும் கையில் எடுத்தார். தம் வீட்டைத் துப்புரவு செய்தார். சுவருக்கு வண்ணம் தீட்டினார். பலகணியில் பூச்செடிகள் வளர்த்தார். கண்ட அண்டை வீட்டார் முதலில் வியந்தனர். பின்னர் தாமும் அவ்வாறே செய்தனர். இற்றுப்போன சில கட்டடங்களை மட்டும் அகற்றியதால் முற்றத்துக்கு ஒளி வந்தது. உறுதியான பழைய கட்டடங்கள் செப்பம் செய்யப்பட்டன. 1887 இல் மாணவர்கள் தம்மைத் தாமே ஆண்டுகொள்ளும் விடுதி ஒன்றையும் அங்கே தொடங்கினார். கோட்டையின் அருகே ராம்சே கார்டன் என்னும் அழகிய குடியிருப்பை எழுப்பி, கற்றோரை மீண்டும் பழைய நகருக்கு அழைத்து வந்தார். ஏழையரை விரட்டிவிட்டு நகரை அழகுபடுத்துவது அவர் நோக்கமன்று. செல்வரும் வறியரும் கற்றோரும் கல்லாதாரும் பண்டுபோல் அண்டை வீட்டாராக வாழ வேண்டும் என்பதே அவர் விழைவு. இப்பணியில் அவர் கைப்பொருள் கரைந்தது, கடனும் பெருகியது. ஆயினும் அவர் கைவிடவில்லை.

காட்சிக் கோபுரமும் சிறு தோட்டங்களும்

1892 இல் கோட்டையை அடுத்திருந்த கோபுரக் கட்டடம் ஒன்றைப் பெற்று, அதனைக் காட்சிக் கோபுரமாக மாற்றினார். அதன் உச்சியில் இருட்டறைப் படக்கருவி ஒன்று இருந்தது. வெளியே நிகழும் காட்சிகள் யாவும் அதன் வெண்மேடையில் உயிரோவியமாக விழும். அங்கே நகரைக் கண்டபின் படிப்படியாகக் கீழிறங்கினால், ஒவ்வொரு மாடியிலும் எடின்பரோ, ஸ்காத்லாந்து, ஐரோப்பா, உலகம் என அறிவு விரிந்துகொண்டே செல்லும். தன் ஊரை நன்கறிந்தவனே உலகை அறிய வல்லவன் என்னும் உண்மையை அக்கோபுரம் விளக்கிற்று. இருபதாம் நூற்றாண்டில் நகரமைப்பு நூலார் போற்றிய முதல் விதி ஒன்று உண்டு. திட்டம் தீட்டுவதற்கு முன் ஆராய வேண்டும் என்பதே அது. அவ்விதியை உலகுக்கு வற்புறுத்திக் கூறியவர்களுள் தலையாயவர் கெடிஸ் ஆவார்.

அக்கோபுரத்தைச் சார்ந்த குழுவினர் பழைய எடின்பரோவைச் சந்து சந்தாக அளந்தனர். இடமே இல்லை என்று எல்லோரும் எண்ணிய அந்நெருக்கடியில், பயனின்றிக் கிடந்த வெற்றிடங்கள் எழுபதுக்கு மேல் கண்டுபிடிக்கப்பட்டன. அனைத்தையும் கூட்டினால் ஏறத்தாழப் பத்து ஏக்கர் ஆயிற்று! கெடிஸின் மகள் நோரா முன்னின்று, அவற்றுள் சிலவற்றைச் சிறு தோட்டங்களாக மாற்றினார். குப்பைமேடு பூங்காவாயிற்று, சந்தில் ஆடிய குழந்தைகள் புல்லில் ஆடினர்.

ஓடையைத் தூய்மை செய்யும் திட்டம்

செல்வர் கார்னிகி, தாம் பிறந்த டன்ஃபெர்ம்லின் நகருக்குப் பூங்கா அமைப்பதற்கென நிலமும் பொருளும் வழங்கினார். அதற்குத் திட்டம் வகுக்குமாறு கெடிஸிடம் 1903 இல் கேட்டனர். அவர் நிலத்தை அளந்து, நகரின் வரலாற்றைக் கற்று, நூற்றுக்கணக்கான பக்கங்களில் அறிக்கை எழுதினார். அங்கே அழகிய பள்ளத்தாக்கில் ஓர் ஓடை அழுக்கடைந்து ஓடிற்று. எல்லாவற்றுக்கும் முன்னர் இவ்வோடையைத் தூய்மை செய்யுங்கள் என்று அவர் அறிவுறுத்தினார். அன்றிருந்த நிலையையும் தூய்மை செய்தபின் இருக்கும் நிலையையும் படங்களாக அருகருகே வைத்துக் காட்டினார். பூங்கா என்பது நான்கு வேலிகளுக்குள் அடைபட்ட அழகுப் பொருள் அன்று. ஓடையும் கரையும், பள்ளியும் பட்டறையும், நூலகமும் குடியிருப்பும் ஒன்றோடொன்று இயைய வேண்டும் என்பது அவர் கருத்து. ஆயினும் செலவு மிகுதி எனக் கருதி, அறக்கட்டளையார் அத்திட்டத்தை ஏற்கவில்லை. 1904 இல் அவ்வறிக்கை நூலாக வெளிவந்தது. திட்டம் நிறைவேறாவிடினும், அந்நூல் பலர்க்கு வழிகாட்டியாயிற்று.

இந்தியாவுக்கு வருகை

உலகத்து நகரங்களின் படங்களையும் வரைவுகளையும் தொகுத்துக் கெடிஸ் பெரிய பொருட்காட்சி ஒன்றை அமைத்திருந்தார். 1913 இல் பெல்ஜியத்துக் கெண்ட் நகரில் அது பெரும்பரிசு பெற்றது. அதனைச் சென்னைக்குக் கொண்டு வருமாறு, சென்னை மாகாண ஆளுநராக இருந்த பென்ட்லண்டு பிரபு அழைத்தார். 1914 இல் கெடிஸும் அவர் மைந்தர் அலாஸ்டரும் ஒரு கப்பலில் இந்தியா வந்தனர். பொருட்காட்சி கிளான் கிராண்ட் என்னும் மற்றொரு கப்பலில் ஏற்றப்பட்டது. அப்போது முதல் உலகப்போர் மூண்டிருந்தது. சென்னைக் கடற்கரையில் குண்டு வீசிப் பேர்பெற்ற எம்டன் என்னும் செர்மானியப் போர்க்கப்பல், அக்டோபர்த் திங்களில் அச்சரக்குக் கப்பலை மூழ்கடித்தது. வாழ்நாள் உழைப்பின் பயன் கடலடியில் மறைந்தது.

மற்றொருவராயின் மனம் உடைந்து ஊர் திரும்பியிருப்பார். கெடிஸோ நண்பர்களுக்கு எழுதினார். அவர்கள் விரைந்து புதிய படங்களையும் வரைவுகளையும் திரட்டி அனுப்பினர். சில திங்களுக்குள், 1915 இன் தொடக்கத்தில், சென்னைப் பல்கலைக்கழகச் செனட் மண்டபத்தில் பொருட்காட்சி திறக்கப்பட்டது.

தஞ்சைக் கோட்டையில்

பொருட்காட்சியோடு கெடிஸின் பணி முடியவில்லை. தஞ்சை, மதுரை, பெல்லாரி முதலிய ஊர்களுக்குச் சென்று அறிக்கைகள் எழுதினார். அவர் ஊரைப் பார்க்கும் முறையே தனி. அலுவலகத்தில் அமர்ந்து வரைபடம் காண்பதோடு அமைந்துவிட மாட்டார். வெயிலையும் பொருட்படுத்தாது காலையிலிருந்து மாலைவரை சந்துகளில் நடப்பார். எந்த வீடு உறுதியானது, எது இடிந்து வீழும் நிலையில் உள்ளது, எங்கே கிணறு, எங்கே கோயில், எங்கே நிழல்மரம் என ஒவ்வொன்றையும் கண்ணால் கண்டு குறிப்பார்.

தஞ்சைக் கோட்டையின் ஒரு பகுதியில், நெருக்கத்தைப் போக்கும் பொருட்டு, வீடுகளை இடித்து நேரான தெருக்கள் அமைக்கத் திட்டம் ஒன்று தீட்டப்பட்டிருந்தது. வரைபடத்தில் அளவுகோலை வைத்து இழுத்த கோடு நேராகவும் அழகாகவும் இருந்தது. ஆனால் அக்கோடு எத்தனை குடும்பங்களின் அடுக்களையின்மேல் செல்கின்றது என்பது வரைபடத்தில் தெரியாது. கெடிஸ் நேரில் சென்று கண்டார். பாழடைந்த வீடுகளை மட்டும் அகற்றினால், அங்கங்கே உள்ள வெற்றிடங்களை இணைத்துக் காற்றும் ஒளியும் வரச்செய்யலாம் எனத் தெளிந்தார். தெரு சற்று வளைந்து சென்றால் குற்றமில்லை. மரமும் கோயிலும் பிழைக்கும். குடும்பங்களும் பெரும்பாலும் தத்தம் இடத்திலேயே வாழும். இதற்காகும் செலவோ இடிக்கும் திட்டத்தின் செலவில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு! நல்ல மருத்துவன் உடலைக் காக்கவே கத்தியை எடுப்பது போன்ற இம்முறைக்குக் காக்கும் அறுவை முறை என அவர் பெயரிட்டார்.

நம் நாட்டுக் கோயில் நகரங்களின் அமைப்பில் அவர் பெரிதும் ஈடுபட்டார். 1919 இல் அவை பற்றித் தனிக் கட்டுரையும் எழுதினார். கோயிலை நடுவே வைத்து, சுற்றிலும் தேரோடும் தெருக்களை வகுத்த முன்னோரின் நகரமைப்பு அறிவை அவர் போற்றினார். அக்காலத்தில், கொசு பெருகுகின்றது என்று கூறிப் பல ஊர்களில் குளங்களைத் தூர்க்கலாயினர். கெடிஸ் அதனை ஒப்பவில்லை. குளத்தைத் தூர்ப்பதைவிடத் துப்புரவு செய்வதே நன்று. மீன்களையும் வாத்துகளையும் வளர்த்தால் அவை கொசுப்புழுவை உண்டுவிடும். குளம் ஊருக்குக் குளிர்ச்சியும் அழகும் தரும் என்றார். நம் பெரியோர் அமைத்த குளத்தின் அருமையை நமக்கு எடுத்துக்கூற ஓர் அயல்நாட்டார் வர வேண்டியிருந்தது!

இடிமேல் இடி

1917 ஆம் ஆண்டு கெடிஸின் வாழ்வில் கொடிய ஆண்டாயிற்று. உடன் வந்து உதவிய மைந்தர் அலாஸ்டர் போர்ப்பணிக்குச் சென்றிருந்தார். ஏப்ரல் திங்களில் அவர் பிரான்சுப் போர்க்களத்தில் மாண்டார். அச்செய்தி வந்தபோது அன்னா அம்மையார் இந்தியாவில் கடுங்காய்ச்சலில் வீழ்ந்திருந்தார். மகன் இறந்த செய்தி தாயின் உயிரைப் போக்கிவிடும் என அஞ்சிய கெடிஸ், துயரைத் தம் நெஞ்சில் அடக்கி, அதனை அவரிடம் கூறாது மறைத்தார். மகன் எழுதிய பழைய கடிதங்களையே படித்துக் காட்டினார். ஜூன் திங்களில் அம்மையாரும் கல்கத்தாவில் உயிர் நீத்தார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் இன்பத்திலும் துன்பத்திலும் துணைநின்றவரை இழந்தும், கெடிஸ் மீண்டும் பணியில் ஆழ்ந்தார்.

இந்தூரில் ஒரு தீபாவளி

இந்தூர் அரசர் ஹோல்கர், தம் தலைநகருக்குத் திட்டம் வகுக்கக் கெடிஸை அழைத்தார். அந்நகரில் பிளேக் நோய் அடிக்கடி பரவிற்று. கையில் வரைபடத்துடன் கெடிஸ் தெருவில் நடந்தபோது மக்கள் அஞ்சி ஒதுங்கினர். காரணம் என்ன என்று உசாவினார். வரைபடத்தோடு ஓர் அதிகாரி வந்தால், பின்னாலேயே வீடிடிக்கும் ஆட்கள் வருவர் என்பதை அம்மக்கள் பட்டறிந்திருந்தனர். பிளேக்கைக் கொண்டுவரும் துரை இவரே எனவும் எண்ணினர். மக்களின் நம்பிக்கையைப் பெறாமல் நகரைச் சீர்செய்ய இயலாது எனக் கெடிஸ் உணர்ந்தார்.

அவர் அரசரிடம் வியப்பான வேண்டுகோள் ஒன்றை விடுத்தார். ஒரு நாளைக்குத் தம்மை மகாராசாவாக இருக்க விட வேண்டும் என்றார். அரசரும் இசைந்தார். வரும் தீபாவளியன்று பெரிய ஊர்வலம் நடைபெறும் எனவும், வழக்கமான வழியை விடுத்து, எத்தெருவில் வீடுகள் மிகுதியாகத் தூய்மை செய்யப்படுகின்றனவோ அத்தெரு வழியே அது செல்லும் எனவும் பறைசாற்றப்பட்டது. வீடுகளிலிருந்து குப்பையை இலவசமாக அகற்றவும் ஏற்பாடாயிற்று. உடனே ஊரே துடைப்பமும் கையுமாக எழுந்தது. ஆயிரக்கணக்கான வண்டிக் குப்பை வெளியேறியது. தெருவுக்குத் தெரு போட்டியிட்டுச் சுண்ணாம்பு அடித்தனர். இடிந்த சுவர்களைச் செப்பனிட்டனர்.

தீபாவளி வந்தது. யானைகளும் குதிரைகளும் முன்சென்றன. உழவரின் விளைபொருள்களும் வணிகரின் பஞ்சுப் பொதிகளும் தொடர்ந்தன. திருமகளின் உருவம் உலா வந்தது. பின்னர் அழுக்கு என்னும் அரக்கனின் உருவமும், பிளேக்கைப் பரப்பும் எலியின் பேருருவமும் வந்தன. அவற்றின் பின்னே நகரின் துப்புரவுத் தொழிலாளர் தூய புத்தாடை உடுத்து, மாலை சூட்டிய துடைப்பங்களுடன் பெருமிதமாக நடந்தனர். என்றும் ஊரார் ஒதுக்கி வைத்தவர்கள் அன்று ஊர்வலத்தின் வீரர்களாயினர். இறுதியில் புதிய இந்தூர் நகரின் மாதிரி உருவங்கள் வந்தன. ஊருக்கு வெளியே பூங்காவில் அரக்கனும் எலியும் தீக்கிரையாக்கப்பட்டன. நோயும் அப்பருவத்தோடு தணிந்தது. அதுமுதல் கெடிஸ் நடந்த தெருக்களில் மக்கள் அவரை அன்புடன் வரவேற்றனர்.

1918 இல் இந்தூர் பற்றிய அவர் அறிக்கை இரு தொகுதிகளாக வெளிவந்தது. அந்நகரின் நடுவே ஓடும் ஆறுகளின் கரைகளைத் தூய்மை செய்து, படித்துறைகளைப் பேணி, கரை நெடுகத் தோட்டங்களும் பூங்காக்களும் அமைக்க வேண்டும் என அதில் எழுதினார். கழிவை ஆற்றில் கலப்பது பெருந்தவறு. அதனை மண்ணுக்கு உரமாக்கினால் தோட்டம் தழைக்கும். ஆறும் பிழைக்கும் என்பது அவர் கொள்கை. எல்லா உயிரும் பசிய இலையை நம்பியே வாழ்கின்றன என்னும் தாவர நூலாரின் அறிவு இங்கே நகரமைப்பின் அறமாக மலர்ந்தது.

இறுதிக் காலம்

இந்தியாவில் ஏறத்தாழ ஐம்பது ஊர்களைக் கெடிஸ் ஆராய்ந்தார். 1919 இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் பேராசிரியரானார். அறிவியல் அறிஞர் ஜகதீச சந்திர போஸின் வாழ்க்கை வரலாற்றை 1920 இல் எழுதினார். கவியரசர் தாகூருடனும் நட்புப் பூண்டிருந்தார். 1925 இல் டெல் அவீவ் நகருக்கு அவர் வகுத்த திட்டத்தில், குடியிருப்புகளின் நடுவே சிறு தோட்டங்கள் அமைந்தன. பிரான்சில் மான்பெலியே நகரில் கல்லூரி ஒன்றை நிறுவி, அங்கும் தோட்டம் வளர்த்தார். 1932 இல் அரசினர் சர் பட்டம் வழங்கினர். அவ்வாண்டு ஏப்ரல் 17 ஆம் நாள் மான்பெலியேயில் உயிர் நீத்தார்.

கெடிஸிடம் குறைகளும் இருந்தன. அவர் பேச்சு தாடிக்குள்ளேயே அடங்கிவிடும். எழுத்தோ எளிதில் விளங்காது. தயங்கும் அதிகாரிகளிடம் பொறுமையும் குறைவு. அவர் திட்டங்களுட் பல அலுவலகப் பேழைகளில் உறங்கின. எனினும் அவர் விதைத்த விதைகள் வீண்போகவில்லை. நகரமைப்போர் பலர் அவர் நூல்களைக் கற்றுத் தெளிந்தனர். அன்று துடைப்பத்துக்கு மாலை சூட்டிய இந்தூர் நகரம், நூறு ஆண்டுகள் கழிந்தபின், 2017 முதல் தொடர்ந்து பல ஆண்டுகள் இந்தியாவின் மிகத் தூய்மையான நகரம் என்னும் சிறப்பைப் பெற்றது. அது அந்நகர மக்களின் உழைப்பால் விளைந்த சிறப்பாகும். எனினும் அந்த ஊர்வலத்தை எண்ணுவோர் உள்ளம் மகிழாமல் இராது.

முடிவுரை

மாணவர்களே! நும் ஊரையும் ஒரு முறை கெடிஸின் கண்கொண்டு காணுங்கள். ஆறோ குளமோ ஓடையோ எங்கே இருக்கின்றது, அதன் கரை எந்நிலையில் உள்ளது, குப்பை கொட்டும் வெற்றிடம் எத்தனை, நிழல் தரும் மரங்கள் எத்தனை என நடந்து பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். நகரைச் சீர்செய்யும் பணி ஆட்சியாளர்க்கும் பொறிவல்லார்க்கும் மட்டும் உரியது அன்று. அங்கே வாழும் ஒவ்வொருவர்க்கும் உரியது. இடிப்பது எளிது, விரைவில் முடிவது. காப்பது அரிது, பொறுமையையும் அன்பையும் வேண்டுவது. அரிய செயலைத் தேர்ந்துகொண்டு, துடைப்பத்தைத் தம் கையில் முதலில் எடுத்தவர் பாட்ரிக் கெடிஸ். ஊரை விரும்புவோர் நெஞ்சில் அவர் பெயர் என்றும் நிலைத்து நிற்பதாக!